முருங்கை இலைப் பொடி வாங்கலாமா?

நாட்டு மருந்துக் கடை, இயற்கை அங்காடி, சூப்பர் மார்க்கெட், இணையக் கடை என்று எங்கே தேடினாலும் இப்போது முருங்கை இலைப் பொடி கிடைக்கிறது. கொல்லையில் கேட்பாரற்று நின்று, கம்பளிப்பூச்சி அடைகிறது என்பதற்காகவே பல வீடுகளில் வெட்டப்பட்ட மரத்தின் இலை, வெள்ளி நிற உறைக்குள் புகுந்து, 100 கிராம் ஏறத்தாழ 60 ரூபாயிலிருந்து 150 ரூபாய் வரை விலை போகிறது. மகளிர் சுய உதவிக் குழு ஒன்று தயாரித்த பொடி, இயற்கை அங்காடி ஒன்று தன் முத்திரையிட்டு விற்கும் பொடி, இணையத்தில் வரவழைத்த குளிகை (கேப்ஸ்யூல்), சூப் பொடி, தேநீர்ப் பை ஆகியவற்றை வாங்கி வீட்டில் பயன்படுத்திப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இலை வந்த தோட்டமும் உலர்த்திய பருவமும் மாறினால் ஒரே முத்திரையின் பொடிகூட மாறிவிடுகிறது என்பதால், எந்தப் பெயரைக் கேட்டு வாங்குவது என்பதைவிட எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்வதுதான் வாங்குபவருக்கு உதவும்.

தமிழ் வீடுகளில் முருங்கைக் கீரையை மருந்து என்று யாரும் அலமாரியில் தனியாக எடுத்து வைத்ததில்லை. வேகவைத்த துவரம்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்ந்த பொரியலாகவும், பாசிப்பருப்புக் கூட்டாகவும், கேழ்வரகு மாவில் பிசைந்து தட்டிய அடையாகவும், அரிசி களைந்த நீரில் கொதித்த சாறாகவும் அது வாரத்தில் ஓரிரு முறை சோற்றோடு வந்து சேர்ந்தது. சளி, உடம்பு வலி என்றால் இலையை உருவிய பிறகு மிஞ்சும் ஈர்க்கைத் தூக்கி எறியாமல், அதை நசுக்கி மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தார்கள். பூவைப் பாலில் வேகவைத்து உடல் தேறக் கொடுத்தார்கள், பிசினைக்கூட வீணாக்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பூண்டு நிறையப் போட்டு வதக்கிய முருங்கைக் கீரையைக் கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்பது இங்கே பரவலான வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே இலைக்கு இதே பயன் சொல்லப்படுகிறது. தாய்ப்பால் அளவைக் குறித்து அங்கே சிறிய அளவில் மருத்துவ ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. கடலுக்கு அப்பால் இருக்கும் இரண்டு சமூகங்கள் ஒரே இலையை ஒரே தேவைக்கு எடுத்திருப்பதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

வெண்ணெய் உருக்கும்போது செய்வதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நுரை அடங்கி, அடியில் கசண்டு சிவக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டால் அது சடசடவென்று பொரிந்து ஒரு நிமிடத்துக்குள் மொறுமொறுப்பாகிவிடும். நெய்க்கு வாசனை ஏறும். நாள்பட்டாலும் சிக்கு வாடை வராது என்பார்கள். வடிகட்டியில் தங்கிய அந்த இலையோடு கசண்டையும் சேர்த்துச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்கு வீட்டில் போட்டி இருக்கும். இந்த இலையின் மஞ்சள், ஆரஞ்சு நிறச் சத்துகள் கொழுப்பில் கரைபவை. எனவே நெய்யும் தேங்காயும் அதற்குத் துணையாக வந்தது ருசிக்காக மட்டும் நேர்ந்தது என்று சொல்ல முடியாது.

சித்த மருத்துவக் குணபாடம் முருங்கை இலையை மந்தம், உடற்சூடு, தலைநோய், கண்நோய் ஆகியவற்றுக்கு உரியதாகச் சொல்கிறது. இவற்றில் கண்ணைப் பற்றிய கூற்று இன்றைய அறிவோடு எளிதாகப் பொருந்துகிறது. மாலைக்கண் நோய்க்கு முதன்மையான காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை முருங்கைக் கீரையில் 17,000 மைக்ரோகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் இருக்கிறது. அந்தச் சத்தை உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. இலைச் சாற்றில் மிளகை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது, இலையை வதக்கிச் சுளுக்குக்கு ஒத்தடம் கொடுப்பது போன்ற வெளிப்பூச்சுகளைப் பற்றி நான் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவற்றால் பெரிய தீங்கும் இல்லை. ஆனால் நாய்க்கடிக்கு இந்த இலையைப் பூண்டு, மஞ்சள், உப்பு, மிளகு சேர்த்து அரைத்துக் கொடுக்கும் பழைய குறிப்பை யாரும் இன்று கையில் எடுக்கக் கூடாது. வெறிநோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழியே இல்லை என்பதால், கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போவதுதான் ஒரே வழி.

இந்தப் பழக்கங்களை எல்லாம் இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவற்றில் உணவாக உண்ட எதிலும் முருங்கை இலை தனியாக இல்லை, பச்சையாகவும் இல்லை. பருப்பு, தேங்காய், பூண்டு, மிளகு, நெய் என்று ஒரு துணையோடு, அடுப்பில் ஏறி இறங்கிய பிறகுதான் அது வாய்க்கு வந்தது. பொடியாக மாறும்போது இந்தத் துணைகளும் அடுப்பும் கழன்றுவிடுகின்றன. ஆகவே ஒரு பொடி நல்லதா இல்லையா என்பதை நான் அளந்த அளவுகோல், அது எவ்வளவு எளிதாக மறுபடியும் சமையலுக்குள் நுழைகிறது என்பதுதான்.

பொடி தயாராகும் முறை எளிமையானது. ஆனால் ஒவ்வொரு படியிலும் தரம் கெடக்கூடியது. கொத்தாகப் பறித்த கீரையை உடனே அலசி, நீரை வடித்து, மஞ்சள் இலையையும் தடித்த ஈர்க்கையும் நீக்கி, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பியோ மிதமான வெப்பத்தில் இயங்கும் உலர்த்தியில் வைத்தோ, விரலால் நெருடினால் நொறுங்கும் பதம் வரும்வரை காயவைக்க வேண்டும். நேரடி வெயிலில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். கூடவே நிறமும் கரோட்டினும் போய்விடும். பச்சைக் கீரையில் நான்கில் மூன்று பங்கு நீர் என்பதால், ஆய்ந்த இலை ஏறத்தாழ 4 கிலோ இருந்தால் 1 கிலோ பொடி வரும். ஈர்க்கோடும் காம்போடும் எடைபோட்ட கீரை என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மிக மலிவாக விற்கப்படும் பொடியில் ஈர்க்கும் காம்பும் எவ்வளவு அரைபட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

மூலப்பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை இரகத்தை வெளியிட்ட பிறகு, விதை போட்டு ஓராண்டுக்குள் காய் பறிக்கும் சாகுபடி பரவியது. தமிழக அரசின் 2022-23-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி, அரியலூர், திருப்பூர், மதுரை ஆகிய 7 மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்தது. காய் விலை சரியும் காலத்தில் இலையையாவது காசாக்கலாம் என்று விவசாயிகளும் மகளிர் குழுக்களும் பொடிக்குத் திரும்பியிருப்பது நியாயமான முயற்சிதான். அந்த முயற்சிக்கு ஆதரவாக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். அதற்காகத் தரத்தில் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

மகளிர் குழுவின் பொடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது மணம். உலர்ந்த கீரைக்கே உரிய பச்சை வாசனையோடு கடைசியில் மூக்கில் லேசாக ஒரு காரம் ஏறியது. முருங்கை, கடுகுக் குடும்பம் அடங்கிய அதே தாவர வரிசையைச் சேர்ந்தது. கடுகுக்குக் காரம் தரும் வகையைச் சேர்ந்த கந்தகச் சேர்மங்கள் இதன் இலையிலும் உண்டு. அந்த மெல்லிய காரம் இருப்பது இலை அதிகச் சூட்டில் கருகவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நிறம் நல்ல பச்சை. விரல்களுக்கிடையே தேய்த்தபோது அங்கங்கே நார்த் துகள் நெருடியது. ஈர்க்கை முழுதாக நீக்கவில்லை, சலித்த சல்லடையும் சற்றுப் பெரிய கண் உடையது என்று தெரிகிறது. உறையில் தயாரித்த மாதம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், குழுவின் ஊர் எல்லாம் இருந்தன. பழமொழியும் இருந்தது, முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்ற அந்த வரி இல்லாத முருங்கைப் பொடி உறையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இயற்கை அங்காடியின் பொடி விலையில் ஏறக்குறைய இரு மடங்கு. மாவைப்போல நைசாக இருந்தது, ஒரு துகள் நெருடவில்லை. நிறம் மட்டும் பச்சையிலிருந்து நழுவி, மங்கிய பழுப்புப் பச்சையாக நின்றது. முகர்ந்தால் பழைய வைக்கோல் வாடை. உறையில் பயன்பாட்டுக் காலம் 18 மாதம் என்று தாராளமாக அச்சிடப்பட்டிருந்தது. நான் வாங்கியபோது அதில் பாதிக்கு மேல் கடந்திருந்தது. கண்ணாடி வழியாக உள்ளிருக்கும் பொடி தெரியும்படி உறையில் ஒரு சாளரம் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கடையின் விளக்கு வெளிச்சம் நாள் முழுதும் பொடியின் மேல் விழுகிறது. வெளிச்சமும் காற்றும் ஈரமும்தான் உலர்ந்த கீரைக்கு எதிரிகள் என்னும்போது, விலை உயர்ந்த உறை மலிவான அலுமினிய உறையைவிட மோசமாக வேலை செய்வது வேடிக்கைதான். கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, வாடிக்கையாளர்கள் உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று அவர் சொன்ன பதிலிலும் உண்மை இருக்கிறது.

இரண்டையும் அடுப்பில் ஏற்றியபோது வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பச்சரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்த அடை மாவில், நான்கு அடைக்கு இரண்டு தேக்கரண்டி என்ற கணக்கில் மகளிர் குழுப் பொடியைக் கலந்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு நல்லெண்ணெய் விட்டுச் சுட்டேன். கல்லில் போட்ட உடனே எழுந்த வாசனை பச்சைக் கீரை அடையை நினைவுபடுத்தியது. கடிபடும் இலை இல்லையே என்ற குறை மட்டும் இருந்தது. அங்காடிப் பொடியைக் கலந்த அடை கரும்பச்சையாக வந்து, நாக்கின் அடியில் ஒரு கசப்பை விட்டுப் போனது. அளவைக் கூட்டினால் எந்தப் பொடியும் கசக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு அடைக்கு மூன்று தேக்கரண்டிக்கு மேல் போனால் குழந்தைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

ரசத்தில் பொடியைக் கொதிக்கும்போது போட்டது சரியாக வரவில்லை. அது கட்டி கட்டியாகத் திரண்டு மேலே மிதந்தது. ஒரு கரண்டி ரசத்தில் தனியாகக் கரைத்து, நுரை கூடும் தறுவாயில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, பிறகு நெய்யில் மிளகு சீரகம் தாளித்துக் கொட்டினால் நன்றாக இருக்கிறது. இறக்கியபின் எலுமிச்சைச் சாறு சில சொட்டுச் சேர்ப்பது ருசிக்கும் நல்லது, சத்துக்கும் நல்லது. கீரையில் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி துணைசெய்கிறது, அதுவோ உலர்த்தும்போதே பெரும்பகுதி போய்விடுகிறது. சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடித்தால் அந்த இரும்பு உடலில் சேர்வது குறைந்துவிடும்.

பொடி மிகச் சிறப்பாகப் பொருந்திய இடம் இட்லிப் பொடி. உளுந்து, கடலைப் பருப்பு, வரமிளகாய், பூண்டு, பெருங்காயம், துளிப் புளி எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து ஆறவைத்து, கல் உப்புப் போட்டுக் கொரகொரப்பாக அரைத்த பிறகு, வாணலியின் மிச்சச் சூட்டில் ஒரு நிமிடம் புரட்டிய முருங்கைப் பொடியைக் கடைசியில் கலக்க வேண்டும். ஒரு கிண்ணம் பருப்புக்குக் கால் கிண்ணம் பொடி போட்டாலும் கசப்புத் தெரிவதில்லை. நல்லெண்ணெய் அதை அடக்கிவிடுகிறது. கீரை என்றாலே முகம் சுளிப்பவர் வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு பயன்பாட்டுக்காகவே மகளிர் குழுப் பொடியை மறுபடி வாங்குவேன்.

சூப் பொடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறையின் முகப்பில் முருங்கைக் கொத்தின் படம் பெரிதாக இருக்கிறது. பின்னால் பொருள் பட்டியலில் சோள மாவு முதலில், உப்பு, சர்க்கரை அடுத்து, முருங்கை அதற்கும் கீழே. எடையில் கூடிய பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி என்பதால், வாங்குபவர் உறையைத் திருப்பிப் பார்த்தாலே போதும். காலை நடைப்பயிற்சிப் பூங்காக்களின் வாசலில் எவர்சில்வர் அடுக்குகளில் விற்கும் முருங்கைக் கீரைச் சூப்பு, சுத்தமாகச் செய்யும் ஆளிடம் வாங்கினால், இதைவிட எவ்வளவோ மேல். அதில் கீரை உண்மையாகவே வெந்திருக்கிறது.

இனி, உறைகளின் பின்புறத்தில் மாறாமல் வரும் அந்தப் பட்டியல்: பாலைப்போல 17 மடங்கு கால்சியம், பசலைக் கீரையைப்போல 25 மடங்கு இரும்பு, வாழைப்பழத்தைப்போல 15 மடங்கு பொட்டாசியம், ஆரஞ்சைப்போல 7 மடங்கு வைட்டமின் சி. முதல் மூன்றும் நீர் வற்றிய பொடியை நீர் நிறைந்த உணவோடு எடைக்கு எடை ஒப்பிட்டு வந்தவை. கடைசி ஒன்றோ பச்சை இலைக்கு உரிய கணக்கு, பொடிக்குப் பொருந்தாதது. இரண்டு வேறு பொருள்களின் கணக்கை ஒரே வரிசையில் நிறுத்தி விற்கிறார்கள். யாரும் பொடியை நூறு கிராம் அள்ளித் தின்பதில்லை. குவித்து எடுத்த ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது 20 கிராம் பச்சைக் கீரைக்குச் சமம்.

ஐதராபாத் நிறுவனத்தின் அட்டவணை 100 கிராம் பச்சைக் கீரையில் இரும்பு ஏறத்தாழ 4.6 மில்லிகிராம், கால்சியம் 314 மில்லிகிராம், புரதம் 6.4 கிராம் என்கிறது. அப்படியானால் ஒரு தேக்கரண்டிப் பொடியில் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பு, சுமார் 60 மில்லிகிராம் கால்சியம், ஒன்றேகால் கிராம் அளவுப் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு டம்ளர் பாலில் உள்ள கால்சியத்தைப் பொடியிலிருந்து பெற வேண்டும் என்றால் நான்கு தேக்கரண்டி தேவைப்படும். ஒரு தேக்கரண்டிக்கு இது மோசமான அளவு இல்லை; ஒரு கீரைக்கு இது மதிக்கத்தக்க சத்துதான். ஆனால் இரத்தசோகை தீர்ந்துவிடும் என்று எண்ணி, கர்ப்பிணிகள் அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பதற்கு இந்த எண்களில் எந்த ஆதாரமும் இல்லை.

குளிகையை வாங்கியது தேவையற்ற செலவு. ஒரு குளிகையில் 500 மில்லிகிராம் பொடி. 60 குளிகை கொண்ட புட்டியில் மொத்தமே 30 கிராம்தான் இருக்கிறது. விலை 300 ரூபாய்க்கு மேல். அதாவது அதே பொடியை 100 கிராம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம். நாளொன்றுக்கு இரண்டு குளிகை விழுங்கச் சொல்கிறார்கள். அது 4 கிராம் பச்சை இலை. கீரைக்காரம்மா கட்டு அவிழ்க்கும்போது தரையில் உதிர்வது அதைவிட அதிகமாக இருக்கும். கசப்பே ஆகாது, சமைக்கவும் வழியில்லை என்பவருக்குக்கூட இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேநீர்ப் பையின் நிலையும் ஏறக்குறைய இதுதான்: வெந்நீரில் மணமும் கொஞ்சம் நிறமும் இறங்குகின்றன, புரதமும் கரோட்டினும் பையோடு குப்பைக்குப் போகின்றன. இனிப்பில்லாத ஒரு பானமாக அதைக் குடிக்கலாம், சுவை பிடித்திருந்தால்.

பொடியைப் பச்சையாக மோரிலோ பழச்சாற்றிலோ கலந்து குடிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உறைகளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. கீரை மண்ணுக்கும் பறவை எச்சத்துக்கும் கழுவும் நீருக்கும் நெருக்கமான பொருள். உலர்த்துவதால் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை, சில வகைகள் உலர்ந்த பொடியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2025-இல் அமெரிக்காவில் பலரைத் தாக்கிய ஒரு சால்மொனெல்லா தொற்றை, இந்தியாவிலிருந்து சென்ற முருங்கை இலைப் பொடி சேர்ந்த பொருள்களோடு அந்நாட்டுச் சுகாதார அமைப்புகள் தொடர்புபடுத்தின. அப்பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. நம் பாட்டிமார்கள் நுண்ணுயிரியல் படித்து அடுப்பில் ஏற்றவில்லை என்றாலும், கொதிக்கவைத்த சாறு என்ற வழக்கம் இந்த ஆபத்தைத் தானாகவே தவிர்த்துவிட்டது. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் ஒரு கொதியாவது விட்டுக் கொடுங்கள்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. இவற்றை எந்த உறையிலும் நான் பார்க்கவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் செயலைக் குறைக்கும் என்பதால், திடீரென்று தினமும் பொடி சாப்பிடத் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், முருங்கை சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சை நம்பி அளவைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களுக்கு இது ஏற்ற உணவன்று. கர்ப்பிணிகள் இலையை வழக்கமான உணவாகச் சாப்பிடலாம். வேர், பட்டை ஆகியவற்றால் செய்த எதையும் தொடக் கூடாது. பழக்கமில்லாதவர் ஒரே நாளில் இரண்டு மூன்று தேக்கரண்டி சாப்பிட்டால் வயிறு இளகிவிடும். அரைத் தேக்கரண்டியில் தொடங்குவது போதும்.

பத்து, இருபது ரூபாய்க்குப் பச்சைக் கீரைக்கட்டு கிடைக்கும் ஊரில் இருப்பவர் இந்தப் பொடியை வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் கருத்து. ஆய்வது பெரிய வேலை என்பதுதான் பலரும் சொல்லும் தடை. கட்டைப் பிரித்து ஒரு பழைய வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி இரவு முழுதும் வைத்தால், காலையில் ஈர்க்கைப் பிடித்து உதறினாலே இலை கொட்டிவிடும். மிஞ்சும் ஈர்க்கு ரசத்துக்கு ஆகும். வெளிநாட்டில் இருப்பவர், விடுதியில் தங்கிப் படிப்பவர், கீரையே கண்ணில் படாத குளிர்ப் பிரதேசத்தில் வேலை பார்ப்பவர் ஆகியோருக்குப் பொடி உண்மையாகவே உதவும். ஊரிலிருந்து அனுப்பும் பொட்டலத்தில் ஊறுகாயோடு இதையும் வைக்கலாம்.

வாங்குபவர்கள் தயாரித்து மூன்று மாதத்துக்குள் இருக்கும் பொடியை, வெளிச்சம் புகாத உறையில், 100 கிராமுக்கு மேற்படாமல் வாங்குவது நல்லது. கால் கிலோப் பொட்டலம் விலையில் இலாபமாகத் தெரியும்; ஆனால் தினம் ஒரு தேக்கரண்டி என்றாலும் அது தீர ஐம்பது நாள் ஆகும், உறையைத் திறந்த பிறகு மழைக்காலத்தில் அத்தனை நாள் மணம் நிற்பதில்லை. கண்ணாடிச் சீசாவில் மாற்றி, ஈரமில்லாத கரண்டி போட்டு, குளிர்பெட்டியில் வைத்தால் ஓரளவு தாங்குகிறது. மகளிர் குழுவினர் இன்னும் சற்று நைசான சல்லடை போட்டு, இலையைப் பறித்த மாதத்தையும் உறையில் அச்சிட்டு, 50 கிராம் பொட்டலமாகவும் விற்றால், இப்போது கேட்கும் விலையைவிட இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் நான் தயங்க மாட்டேன்.